டிசைன் வெட்டும் மெஷின்: எதை வாங்கலாம், எப்போது வாங்கலாம்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் கைவினைப் பொருள் செய்கிற மூன்று குழுக்கள் ஒரே கோரிக்கையைக் கொண்டு வந்தார்கள். "கம்ப்யூட்டர் சொன்னபடி பேப்பர், ஸ்டிக்கர், துணி எல்லாம் தானா வெட்டுற மெஷின் வந்திருக்காமே, அதுக்குக் கடன் குடுங்க" என்றார்கள். ஆசைப்பட்டது தப்பில்லை. வளைகாப்புக்குப் பெயர் வெட்டி ஒட்டுவது, ரிட்டர்ன் கிஃப்ட் டப்பா, கோல அச்சு, டம்ளர்மேல் ஒட்டுகிற பெயர் என்று இன்று விசேஷ வீடுகளில் கேட்கிறார்கள். ஆனால் கடனை அடைக்கப் போவது நாம். அதனால் கொஞ்சம் விவரமாகவே பேசிவிடலாம்.

முதலில் இது என்ன மெஷின்? பார்ப்பதற்குப் பிரிண்டர் மாதிரி இருக்கும். மை இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கத்தி இருக்கும். கத்தி இடமும் வலமும் ஓடும், தாள் முன்னும் பின்னும் நகரும். இரண்டும் சேர்ந்து பூவோ, மயிலோ, பெயரோ வெட்டிவிடும். தாள் நகராமல் இருக்க, பசை தடவிய ஒரு விரிப்பில் ஒட்டி உள்ளே விட வேண்டும். அதைக் கட்டிங் மேட் என்கிறார்கள்.

இதில் நாம் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. இந்த மெஷின் ஒரு நேரத்தில் ஒரு தாளைத்தான் வெட்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்த பிறகு, நம் குழுக்களில் பலர் பேப்பர் பை, துணிப் பை வேலைக்கு வந்தார்கள். அவர்களில் சிலர், "இந்த மெஷின் இருந்தா ஒரு நாளைக்கு ஆயிரம் பை வெட்டிடலாமே" என்று கேட்டார்கள். முடியாதுங்க. ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வெட்ட வேண்டுமானால் டவுனில் அட்டைப்பெட்டி செய்கிற இடங்களில் டை வைத்துப் பஞ்ச் பண்ணுகிறார்களே, அதுதான் வழி. ஒவ்வொன்றும் வேறு பெயர், வேறு டிசைன், ஐம்பது அல்லது நூறு எண்ணிக்கை என்று வருகிற ஆர்டருக்குத்தான் இந்த மெஷின். பை தைக்கிற குழுக்கள் இந்தக் கடனை இப்போதே மறந்துவிடலாம் என்பது எங்கள் கருத்து.

சரி, எந்த மெஷின்? வீட்டு உபயோகத்துக்கு என்று வருவதில் மூன்று பெயர்கள் அதிகம் அடிபடுகின்றன.

ஒன்று கிரிக்கட். பெயரைக் கேட்டதும் மட்டையும் பந்தும் நினைக்க வேண்டாம், இது அமெரிக்கக் கம்பெனி. இதில் எக்ஸ்ப்ளோர், மேக்கர், ஜாய் என்று பல வகை. ஜாய் சின்னது, நாலரை அங்குல அகலம்தான் வெட்டும். வியாபாரத்துக்குப் போதாது. மற்ற இரண்டும் 12 அங்குல விரிப்பில் வெட்டுபவை. எக்ஸ்ப்ளோர் கத்தி அழுத்துகிற பலம் 400 கிராம் அளவு என்றால் மேக்கருக்கு 4 கிலோ. மேக்கரில் உருளும் வட்டக் கத்தி இருப்பதால், பின்னால் எதுவும் ஒட்டாமலே துணியை வெட்டும். ரவிக்கையில் துணிப்பூ வைத்துத் தைக்கிற குழுவுக்கு இது பெரிய வசதி. மொபைலிலிருந்தே இயக்கலாம்.

குறை எங்கே என்றால், இது அந்தக் கம்பெனியின் சொந்த மென்பொருளில்தான் ஓடும். அதற்கு ஒரு கணக்குத் திறக்க வேண்டும், பெரும்பாலும் இணையமும் வேணும். 2021 மார்ச்சில், மாதச் சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 டிசைன்தான் ஏற்றலாம் என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. வாங்கியவர்கள் எல்லாம் கொதித்துப்போய்ச் சத்தம் போட்ட பிறகு அதே மாதத்தில் பின்வாங்கியது. மெஷின் நம் வீட்டில் இருந்தாலும் சாவி வேறு எங்கோ இருக்கிறது என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது சில்ஹவுட் கேமியோ. சாதாரண அளவு இதுவும் 12 அங்குலம்தான். இன்னும் அகலமானவையும் உண்டு. மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை நடக்கும். டவர் கிடைக்காத ஊர்களுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்க வேணும். இலவச மென்பொருளில் சில வகைக் கோப்புகள் திறக்காது, எஸ்விஜி என்கிற கோப்பைத் திறக்கப் பணம் கட்டிய பதிப்பு வேண்டும். இதைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது பிரதர் கம்பெனியின் ஸ்கேன் என் கட். இது 2013இல் வந்தது. இதில் ஸ்கேனர் உள்ளேயே இருக்கிறது. நம் அக்கா ஒருவர் கையால் வெள்ளைத்தாளில் ஒரு கோலமோ கொடியோ வரைந்து உள்ளே விட்டால், அதைப் படித்து அப்படியே வெட்டும். கம்ப்யூட்டர் கட்டாயமில்லை, தொடுதிரையிலேயே வேலை முடியும். கை ஓவியம் நன்றாக வருகிற, கம்ப்யூட்டர் பக்கம் போகத் தயங்குகிற குழுக்களுக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். விலையையும், பக்கத்தில் சர்வீஸ் இருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இவை தவிர, வண்டி நம்பர் ஸ்டிக்கர் வெட்டுகிற கடைகளில் இருக்கும் அகலமான மெஷின் ஒன்று உண்டு. ஸ்டிக்கர் வேலை மட்டும் என்றால் அது போதும். பழுது பார்க்க ஆளும் டவுனிலேயே கிடைப்பார். கையால் சுற்றுகிற மெஷினும் இருக்கிறது. அதற்குக் கரண்ட் வேண்டாம், ஆனால் ஒவ்வொரு உருவத்துக்கும் தனித்தனி அச்சு வாங்க வேணும். சிலர் லேசர் மெஷின் என்பார்கள். ஸ்டிக்கர் ஷீட் பெரும்பாலும் பிவிசி. அதை லேசரில் எரித்து வெட்டினால் விஷப்புகை வரும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

இப்போது கடைக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெமோ காட்டுகிறவர் ஆங்கிலத்தில் 'ஹேப்பி பர்த்டே' வெட்டிக் காட்டுவார், நாமும் வாயைப் பிளந்து பார்ப்போம். அது போதாது. "கெட்டிமேளம்"னு வெட்டிக் காட்டுங்க என்று கேளுங்கள். சில மென்பொருளில் தமிழ் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் விழும். வேறு மென்பொருளில் தட்டி, எழுத்தைப் படமாக மாற்றிக்கொண்டு வந்து வெட்டினால் சரியாகும். இங்க்ஸ்கேப் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. இதைச் செய்யத் தெரிந்தவரா நமக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார் என்று பாருங்கள். அச்சு வெட்டுவதாக இருந்தால் இன்னொன்று: க, வ, ண மாதிரி சுழி உள்ள எழுத்துகளில் சுழியின் உள்பகுதி கழன்று கீழே விழுந்துவிடும். சின்னப் பாலம் விட்டு வரைய வேண்டும். நம் வாடிக்கையாளர் கேட்பது தமிழ்ப் பெயர்தான் என்பதால் இதில் ஏமாந்தால் தொழிலே இல்லை.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் வாங்கி வருவார் என்றும் சொல்றாங்க. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் இங்கே ஓடும். ஆனால் துணியில் டிசைன் ஒட்டும் ஹீட் பிரஸ் அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட்டாக இருக்கும். நம் 230 வோல்ட்டில் மாட்டினால் போச்சு. வாரண்டி இங்கே செல்லுமா என்பதும் தனிக் கேள்வி.

அடுத்து பணம். ஒரு கணக்குக்கு, குழு 36,000 ரூபாய் கடன் வாங்கி 24 மாதத்தில் அடைப்பதாக வைப்போம். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். முதல் மாதம் அசல் 1,500, வட்டி 360, ஆக 1,860 ரூபாய். ஒரு பொருளில் எல்லாச் செலவும் போக 6 ரூபாய் நின்றால், தவணைக்கு மட்டும் 310 பொருள் விற்க வேண்டும். நம் கூலி அதற்கு மேலே. எல்லாச் செலவும் என்றால் தாளும் ஸ்டிக்கரும் மட்டுமில்லை. கத்தி மழுங்கும், மேட்டின் பசை போகும். மேட்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவிக் காயவைத்தால் கொஞ்ச நாள் கூட வரும். துணிக்கு ஒரு கத்தி, தாளுக்கு ஒரு கத்தி என்று பிரித்து வைத்தால் கத்தியும் தாங்கும். வெட்டிய ஸ்டிக்கரில் வேண்டாத பகுதியை ஊசியால் நோண்டி எடுக்கிற நேரம்தான் அதிகம். மெஷின் ஐந்து நிமிஷத்தில் வெட்டியதை நாம் அரைமணி நேரம் உட்கார்ந்து எடுப்போம். விலை போடும்போது அந்தக் கூலியை விட்டுவிடாதீர்கள்.

அதனால் நாங்கள் சொல்வது, முதல் இரண்டு மாதம் மெஷின் இல்லாமலே ஆர்டர் எடுங்கள். டவுன் ஸ்டிக்கர் கடையில் கூலி கொடுத்து வெட்டி வாங்கி, ஒட்டி முடித்து விற்றுப் பாருங்கள். மாதம் எத்தனை ஆர்டர் வருகிறது, யார் கேட்கிறார்கள், எவ்வளவு தருகிறார்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு கடன் கேட்டு வந்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

வாங்குவது என்று முடிவானால் தீர்மானப் புத்தகத்தில் சில விஷயங்கள் ஏறியிருக்க வேண்டும். மெஷின் குழுவின் பெயரிலா, தனி உறுப்பினர் பெயரிலா? யார் வீட்டில் இருக்கும், கரண்ட் பில் யார் கட்டுவது? மென்பொருளின் கணக்கும் பாஸ்வேர்டும் யாரோ ஒருவரின் மகன் மொபைலில் மட்டும் இருந்தால், அவன் வேலைக்கு வெளியூர் போனதும் மெஷின் துணி மூடிக் கிடக்கும். பயிற்சிக்கு மூன்று பேராவது போக வேண்டும். கல்யாணமாகிப் போகிற பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டு அப்புறம் திண்டாடக் கூடாது. படிக்கத் தெரியாத அக்காவும் நோண்டி எடுக்கிற வேலையும் ஒட்டுகிற வேலையும் செய்வார். அவருக்கும் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு விண்ணப்பித்த மூன்று குழுக்களின் ஊக்குநரும் பிரதிநிதியும் மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி வரவும். விலைப்புள்ளியில் மெஷின் விலையோடு ஒரு மேட், இரண்டு கத்தி, பயிற்சி நாட்கள், சர்வீஸ் செய்யும் ஊர் ஆகியவையும் எழுதி வாங்குங்கள். "கெட்டிமேளம்" வெட்டிய தாளையும் பின் அடித்துக் கொண்டு வாருங்கள்.