ஆறாம் அட்டவணை: அதிகாரமும் கருவூலமும்



பழங்குடித் தன்னாட்சி என்றதும் பண்பாடு, அடையாளம் என்றே பேச்சு தொடங்கும். நான் பேச விரும்புவது கருவூலத்தைப் பற்றி. அதற்கு முன் சிறிது வரலாறு.

அன்றைய அசாமின் மலை மாவட்டங்களுக்காக கோபிநாத் பர்தலை தலைமையிலான துணைக்குழு அளித்த பரிந்துரையே, பழங்குடித் தன்னாட்சிக்கு வழிசெய்யும் இந்திய அரசியலமைப்பின் ஆறாம் அட்டவணைக்கு அடிப்படை. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபை அதை விவாதித்தபோது, இது பிரிவினைக்கு வழிவகுக்கும் என்று குலாதர் சாலிஹா போன்றோர் எதிர்த்தனர். துணைக்குழுவில் இடம்பெற்றிருந்த காசி இனத் தலைவர் நிக்கல்ஸ் ராய் அதற்காக வாதாடினார்.

இன்று அசாம், மேகாலயம், மிசோரம், திரிபுரா ஆகிய நான்கு மாநிலங்களில் 10 தன்னாட்சி மன்றங்கள் இயங்குகின்றன. பொதுவாக ஒரு மன்றத்தில் 30 பேருக்கு மேல் இருக்கக் கூடாது; போடோலாந்து மன்றத்துக்கு மட்டும் 46 வரை. நிலம், காப்புக்காடல்லாத காடு, ஜூம் எனும் இடம்பெயர் சாகுபடி, ஊராட்சி, வாரிசுரிமை, திருமணம் ஆகியவற்றில் இவை சட்டம் இயற்றலாம். வழக்குகளை விசாரிக்கலாம்; நிலவரி தண்டலாம். வெளியாரின் வட்டித் தொழிலையும் வணிகத்தையும் கட்டுப்படுத்தலாம்.

ஆனால் மன்றம் இயற்றும் சட்டம் ஆளுநரின் ஒப்புதலின்றி நடைமுறைக்கு வராது. மேகாலயத்தில் மன்றச் சட்டமும் மாநிலச் சட்டமும் முரண்பட்டால் மாநிலச் சட்டமே செல்லும். மலைமக்களுக்கென்றே 1972இல் உருவான மாநிலம் அது. மன்றங்களின் அதிகாரச் சிக்கல் மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான பூசல் மட்டுமே என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஆள்பவர் யாராயினும், மேலே உள்ள அரசு கீழே உள்ள மன்றத்துக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

பணத்திலும் அதே கதைதான். கனிம உரிமத்தொகையில் மன்றத்தின் பங்கை அது தானே முடிவு செய்ய முடியாது. மாநில அரசோடு உடன்பட வேண்டும், தகராறு வந்தால் ஆளுநர் தீர்ப்பார். 73ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்குத் தந்த மாநில நிதிக்குழு ஏற்பாடும் இப்பகுதிகளுக்குப் பொருந்தாது. இக்குறையைக் களைய 2019இல் மாநிலங்களவையில் அறிமுகமான 125ஆம் திருத்த மசோதா சட்டமாகவில்லை. கையில் ஏடு இருக்கிறது, மடியில் காசில்லை.

மன்றங்களுக்குக் கூடுதல் நிதி தருவதற்கு எதிராக நேர்மையான ஒரு வாதமும் உண்டு. காசி மக்களிடம் குடும்பச் சொத்து இளைய மகளுக்குச் சேரும். ஆனால் மரபுவழி ஊர்மன்றமான தர்பாரில் பெண்களுக்கு இடமிருந்ததில்லை. அத்தகைய சமூகத்தின் மன்றத்திடம் கூடுதல் பணம் கொடுத்தால் அது யார் கையில் சேரும்? நியாயமான கேள்விதான். ஆனால் பணத்தை நிறுத்தி வைத்தால் மரபு திருந்திவிடாது. மன்றங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் பொறுப்பைத் தலைமைக் கணக்குத் தணிக்கையரிடம் ஆறாம் அட்டவணையே ஒப்படைத்திருக்கிறது. அந்தத் தணிக்கை உரிய காலத்தில் நடக்கட்டும். அறிக்கையை ஊர்தோறும் மக்கள் மொழியில் படித்துக் காட்டட்டும்.

என் முன்மொழிவு இதுதான்: மன்றங்களின் நிதிப்பங்கை அரசியலமைப்பிலேயே உறுதிசெய்ய வேண்டும், கேட்டுப் பெறும் நிலை போக வேண்டும். அப்போதுதான் வேலை நடக்காததற்கு மாநிலத் தலைநகரைக் கைகாட்டும் உறுப்பினர், வாக்களித்தவர்களுக்கு நேராகப் பதில் சொல்ல நேரும். தன்னாட்சியில் நான் எதிர்பார்ப்பது அந்தப் பதிலைத்தான்.