கீமோ எடுப்பவர் வீட்டில் காய்ச்சல் வந்தால்

கீமோவுக்கு அட்மிட் ஆனவர்களுக்கு ஆசனவாயில் ஸ்வாப் டெஸ்ட் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்டீர்கள்.

கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்றவை குடலில் சும்மா குடியிருக்கும் கிருமிகள். கீமோவில் வெள்ளையணுக்கள் குறையும், குடலின் உட்சவ்வும் புண்ணாகும். அந்த வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிடலாம். அது கார்பபெனம் போன்ற வலுவான மருந்துக்கும் அடங்காத வகை என்றால் உயிருக்கே ஆபத்து. முன்பே தெரிந்திருந்தால், காய்ச்சல் வந்ததும் எந்த மருந்தில் தொடங்குவது என்று டாக்டர் முடிவெடுக்க உதவும். டெஸ்ட் பாசிடிவ் என்றால் நோய் என்று அர்த்தமில்லை. அவரைத் தயவுசெய்து ஒதுக்காதீர்கள். பார்க்கப் போனால் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுப் போங்கள். உங்களுக்குச் சளி, வயிற்றுப்போக்கு இருந்தால் போன் போதும்.

கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். (கேட்டை மறித்து வண்டி நிறுத்துகிறவர்கள் இதையும் யோசிக்கவும்.)

இன்னொன்று. "யாரிடமாவது அஜித்ரோமைசின் மீதி இருக்கா?" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். வைரஸ் சளிக்கு அது பயன்படாது. மருந்துக்கு அடங்கும் கிருமிகள் சாகும். அடங்காதவை உங்கள் குடலிலேயே பெருகும். பல ஆன்டிபயாட்டிக்குகள் 2014 முதல் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு கேட்கும் மெடிக்கல் ஷாப்காரரிடம் சண்டை போடாதீர்கள்.