நாலு பேர் தெரிந்தால் நல்ல கூலி



நாம் எழுதப் படிக்கக் கற்றோம். இப்போது கையெழுத்துப் போடுகிறோம். பேருந்துப் பலகையைப் படிக்கிறோம். அதே எழுத்து செல்போனிலும் இருக்கிறது. அதைக் கொண்டு நம் தொழிலை வளர்க்க முடியுமா? முடியும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கொத்தனாருக்கு வேலை எப்படிக் கிடைக்கிறது? தெரிந்தவர் சொல்லிக் கிடைக்கிறது. தையல் வேலையும் அப்படித்தான். ஒரே ஒரு மேஸ்திரியை மட்டும் தெரிந்தால் என்ன ஆகும்? அவர் சொன்னதுதான் கூலி. நாலு பேரைத் தெரிந்தால், "இது போதாது" என்று சொல்லலாம்.

குஜராத்தில் அகமதாபாத் நகரம் இருக்கிறது. அங்கே பெண்கள் சுமை தூக்கினார்கள். காய்கறி விற்றார்கள். வீட்டில் இருந்து துணி தைத்தார்கள். தனித்தனியாக இருந்ததால் கூலி குறைவு. 1972-இல் இலா பட் அம்மையார் அவர்களைச் சேர்த்து 'சேவா' சங்கம் தொடங்கினார். "உங்களுக்கு முதலாளியே இல்லையே, சங்கம் எதற்கு?" என்று அதிகாரிகள் கேட்டார்கள். "நாங்கள் ஒன்றுசேரத்தான் சங்கம்" என்று பெண்கள் சொன்னார்கள். 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுச் சொந்தமாக வங்கியும் தொடங்கினார்கள்.

அன்று அவர்களிடம் செல்போன் இல்லை. நடந்து போய்த்தான் ஆள் சேர்த்தார்கள். இன்று நம்மிடம் வாட்ஸ்அப் இருக்கிறது. ஃபேஸ்புக் இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில், நீங்கள் செய்த வேலையைப் படம் எடுங்கள். தைத்த ரவிக்கை, பூசிய சுவர், செய்த கதவு எதுவானாலும் சரி. அடுத்தவர் வீடு என்றால் அவரிடம் கேட்டு எடுங்கள். படத்தின் கீழே என்ன வேலை, எந்த ஊர் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

அடுத்து, ஒரே தொழில் செய்பவர்கள் குழு தொடங்குங்கள். "அவர் எனக்குப் போட்டி ஆயிற்றே!" என்று நினைக்காதீர்கள். பெரிய வேலை வந்தால் பகிர்ந்து செய்யலாம். எந்த ஊரில் என்ன கூலி என்று கேட்டு அறியலாம். கூலி தராமல் ஏமாற்றுபவர் யார் என்பதும் தெரியும்.

மூன்றாவது, கூலி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வேலை முடியும் என்பதை எழுதி அனுப்புங்கள். "சரி" என்று பதில் வாங்குங்கள். பேச்சு காற்றோடு போகும். எழுத்து நிற்கும். நாம் எழுத்துக் கற்றது இதற்கும்தானே!

ஆனால் எச்சரிக்கை வேண்டும். "வேலை தருகிறேன், முன்பணம் கட்டு" என்றால் நம்பாதீர்கள். போனில் வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதில்லை. போடச் சொன்னால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும். அதனால் தெரியாத குழுவில் சேராதீர்கள்.

செல்போன் ஆளைக் காட்டும். நம்பிக்கையை நாம்தான் சம்பாதிக்க வேண்டும். சொன்ன நாளில் வேலையை முடித்துக் கொடுங்கள். அவரே இன்னும் நாலு பேரிடம் உங்கள் பெயரைச் சொல்வார்.

இன்றே உங்கள் தொழில் செய்யும் ஒருவருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.