பயணத்துக்கு முன் படிக்க வேண்டிய புத்தகம்

பள்ளி விடுமுறை வந்தால் நம்மவர் பலர் குடும்பத்தோடு தாய்லாந்துக்குப் புறப்படுகிறார்கள். துணிமணி, மருந்து, ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் பெட்டிக்குள் போகின்றன. புத்தகம் போவதில்லை. போனாலும் அது விடுதியும் சாப்பாட்டுக் கடையும் எங்கே என்று சொல்லும் வழிகாட்டி நூலாகவே இருக்கும். அதுவும் தேவைதான். ஆனால் அது இடத்தைக் காட்டும். அங்கே நடந்ததைக் காட்டாது. காஞ்சனபுரிக்குச் செல்வோரை மனத்தில் வைத்து இதைச் சொல்கிறேன்.

காஞ்சனபுரி என்றதும் 'குவாய் நதிப் பாலம்' நினைவுக்கு வரும். பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் அந்த நாவலை 1952-இல் எழுதினார். போருக்கு முன் அவர் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பொறியாளராக இருந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் சயாம் ரயில் பாதையில் அவர் வேலை செய்ததில்லை. 1957-இல் வந்த திரைப்படத்தை எடுத்ததோ இலங்கையில். படத்தில் பாலம் வெடித்துச் சிதறுகிறது, நாவலில் தப்பிவிடுகிறது. உண்மையான இரும்புப் பாலம் 1945-இல் குண்டு வீச்சில் சேதமடைந்து, பின்னர் பழுது பார்க்கப்பட்டு, இன்றும் ரயிலைச் சுமந்து நிற்கிறது. நாவல் சுவையானதுதான். அதை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் பாலத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

ஆகவே, ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: எழுதியவர் எந்த இடத்தில் நின்று பார்த்தார்?

1942, 1943-ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பாதை போடப்பட்டது. வேலை செய்த போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். கைதியாக இருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் டன்லப்பின் நாட்குறிப்பு 1986-இல் நூலாக வந்தது. மழையும் சேறும் காலராவும் எப்படி இருந்தன என்று அறிய அதைப் படிக்கலாம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சில பக்கங்களை வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள்.

ஆனால் நேயர்களே, அங்கே உழைத்தவர்கள் வெள்ளைக்காரர் மட்டுமா? மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். அவர்களில் எத்தனை பேர் மாண்டனர் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 6,900 கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டிப் பேணப்படுகின்றன. அங்கே நம் தோட்டத்துப் பெயர்களைத் தேடினால் கிடைக்காது. நம்மவர் நினைவாக ஒரு நடுகல் 2023-இல்தான், அருகிலுள்ள புத்தர் கோயிலில் எழுப்பப்பட்டது.

கல்லில் இல்லாததைக் காகிதத்தில் எழுதி வைத்தவர்கள் நம் எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' 2005-இல் வந்தது. இரண்டும் நாவல்கள், புள்ளிவிவரத்துக்காக அவற்றைத் தேட வேண்டாம். லயத்து வீட்டிலிருந்து ஒருவன் எப்படிப் போனான் என்பதை உணர்வதற்குப் படியுங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், பூலை விட்டுவிட்டு இவற்றில் ஒன்றை எடுங்கள் என்பேன்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே படித்து முடித்துவிடுவது நல்லது. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் பக்கத்தில் அமர்ந்து உரக்க வாசியுங்கள். "எங்க மாமாகூட சயாமுக்குப் போனவருதான்" என்று அவர்கள் தொடங்கிவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள்.

பயணத்தில் வரைபடமும் அவசியம். பெயர்கள் மாறிவிட்டன. பழைய நூல்களில் தார்சாவ் என்று வருவது இன்றைய நாம் தோக் நிலையம். பாலத்தின் அடியில் ஓடும் ஆற்றுக்கும் முன்பு மே குளோங் என்றுதான் பெயர். படம் பார்த்துவிட்டு வந்தவர்களெல்லாம் குவாய் நதியைத் தேடியதால், 1960-களில் குவாய் யாய் என்று மாற்றினார்கள். கதை ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டது, பாருங்கள்! பழைய பெயரையும் புதிய பெயரையும் வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டால், படித்த அத்தியாயம் எந்த இடத்தில் நடந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

காஞ்சனபுரியிலிருந்து நாம் தோக் வரை இன்றும் ரயில் ஓடுகிறது. தாம் கிராசே என்னும் இடத்தில் பாறையை ஒட்டி அமைந்த மரப்பாலத்தின் மேல் ரயில் மெல்ல ஊர்ந்து போகும். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். ஆறு அந்தப் பக்கம்தான். நாவலில் அந்தப் பாதை போடும் பகுதியை, ரயில் அங்கே வருவதற்குச் சற்று முன்னால் பிள்ளைகளில் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.