வக்கீலாக விழைவார்க்கு எப்பட்டம் வேண்டும்?

(சாயர்புரத்துச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"என் மகள் சட்டம் பயில விழைகின்றாள், தமிழிலக்கியத்திற் பட்டம் பெறின் அவ்வழி அடைபடுமோ?" என்று நம் சங்கத்தார் ஒருவர் எம்மை வினவினார். அடைபடாது என்றே விடை கூறினோம்.

ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரனார் 1894-இல் பிளீடர் பரீட்சையில் தேறினார். அவர் பட்டதாரி அல்லர். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் வந்தபின் அவ்வழி அற்றுப்போயிற்று. இன்று மூவாண்டுச் சட்டப் படிப்பிற்குப் பட்டம் இன்றியமையாதது. ஆயினும் இன்ன பாடத்திலேதான் என்னும் கட்டுப்பாடு இல்லை.

ஒன்று மட்டும் மறவற்க. நம் மாநிலத்து அரசுச் சட்டக் கல்லூரிகளில் பட்டப் படிப்பின் மதிப்பெண் கொண்டே மூவாண்டுப் படிப்பிற்கு இடம் அளிக்கின்றனர். ஆதலின் ஊரார் மெச்சும் பாடமென்று மனமொவ்வாததிற் சேர்த்தால், மதிப்பெண் குன்றும், இடமும் போம்.

வணிகவியல் கற்றார்க்குத் தூத்துக்குடித் துறைமுக வழக்குகளிற் கணக்கும் கப்பற் சரக்குச் சீட்டும் எளிதில் விளங்கும். வரலாறு கற்றார்க்கு அரசியலமைப்பின் தோற்றம் தெளிவாம். தமிழ் கற்றார் பழம் பத்திரங்களின் வாசகத்தைப் பிழையற உணர்வர். கீழ்க் கோர்ட்டுகளில் திறம்பட வழக்குரைப்பர். ஆனால் உயர்நீதிமன்றத்து மொழி ஆங்கிலம். தமிழ்ப் பண்டிதராகிய யாமே உரைக்கின்றோம்: எப்பாடம் எடுப்பினும் ஆங்கிலப் பயிற்சியைக் கைவிடற்க.

பெற்றோர்களே! உங்கள் மக்கள் எந்நூலைப் பிறர் ஏவாமலே விரித்துப் படிக்கின்றனர் என்று நோக்குமின். அப்பாடமே அவர்க்குரிய பட்டமாம்.