அடைபட்ட வாய்க்காலும் அறுவை மருத்துவமும்

(விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியனாகிய நான் மருத்துவம் பேச முன்வந்ததற்குக் காரணம் ஒரு குழந்தை. என் பழைய மாணவர் ஒருவரின் ஆறு வயது மகள் ஓரிரவு திடீரெனக் குருதி வாந்தி எடுத்தாள். அவள் வயிறு முன்பே சற்றுப் பருத்திருந்தது. பூச்சித் தொல்லை என்று வீட்டார் எண்ணியிருந்தனர். உண்மையில் அது வீங்கிய மண்ணீரல். அறுவை செய்யவேண்டும் என்று மருத்துவர் கூறியதும், "பச்சைப் பிள்ளை உடம்பில் கத்தி வைப்பதா?" என்று பாட்டியார் மறுத்துவிட்டார்.

உழவர் குடியில் பிறந்த அவருக்கு நான் உழவின் மொழியிலேயே விடை கூறினேன். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் குருதியைக் கல்லீரலுக்குக் கொண்டுசேர்க்கும் பெருவாய்க்கால் ஒன்று உண்டு. மருத்துவர் அதனைப் போர்ட்டல் சிரை என்பர். கல்லீரல் பெறும் குருதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இதன் வழியே வருகிறது. சில குழந்தைகளுக்கு இவ்வாய்க்கால் அடைபட்டுவிடுகிறது. பிறந்த சில நாள்களில் தொப்புளில் உண்டாகும் சீழ்த்தொற்று ஒரு காரணம். பலருக்குக் காரணம் புலப்படுவதில்லை.

வாய்க்கால் அடைபட்டால் நீர் பக்கத்துச் சிறுகால்களில் ஏறிக் கரையை உடைக்கும் அன்றோ? அவ்வாறே குருதியும் உணவுக்குழாயின் அடிப்பகுதியிலுள்ள மெல்லிய சிரைகளில் ஏறி அவற்றைப் புடைக்கச் செய்கிறது. அவை வெடிப்பதனாலேயே குருதி வாந்தி உண்டாகிறது. தார் போன்ற கருமலமும் அதன் அடையாளமே.

ஒன்றை மறத்தலாகாது. இத்தகைய அடைப்புள்ள குழந்தைகளின் கல்லீரல் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். கெட்டது வயல் அன்று, வாய்க்காலே.

முதலில் மருந்தாலும், எண்டோஸ்கோப்பி வழியே சிரைகளுக்கு ரப்பர் வளையம் இட்டும் குருதிப்போக்கை நிறுத்துவர். அதன் பின்னரும் குருதி மீண்டும் மீண்டும் கசிந்தால் அறுவையை நாடுவர். அதில் இரு நெறிகள் உள்ளன. ஒன்று, மண்ணீரல் சிரையை இடச் சிறுநீரகச் சிரையோடு இணைத்தல். 1967இல் வாரன் என்னும் அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட முறையில் மண்ணீரலை அகற்ற வேண்டியதில்லை. இது மிகைநீரை வடிகாலில் திருப்புவது போன்றது.

மற்றொன்று ரெக்ஸ் மாற்றுவழி. 1992இல் பெல்ஜிய நாட்டு மருத்துவர் தெ வில் தெ கோயேவும் அவர்தம் குழுவினரும் இதனை வெளியிட்டனர். கழுத்திலுள்ள சிரையொன்றின் பகுதியை எடுத்து, குடற்சிரைக்கும் கல்லீரலினுள் உள்ள இடக்கிளைக்கும் இடையே புதுக்காலாகப் பொருத்துவர். இதனால் குருதி வடிகாலுக்குப் போகாமல் வயலுக்கே மீள்கிறது. ஆயினும் அவ்வுட்கிளை திறந்திருந்தால்தான் இது கைகூடும். கல்லீரலே சிதைந்துவிட்ட குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று அறுவை தேவைப்படலாம்.

"தூர்ந்த வாய்க்காலைக் கண்டு மண்வெட்டி எடுக்க அஞ்சுவீர்களா, அம்மா?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்த பாட்டியார், "சரி, செய்யட்டும்" என்றார். பேத்திக்கு ரெக்ஸ் மாற்றுவழியே அமைந்தது. இன்று அவள் பள்ளி செல்கிறாள்.

பெற்றோரே, குழந்தை குருதி வாந்தி எடுத்தால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாதீர். அந்நொடியே மருத்துவமனைக்கு விரையுங்கள். இந்நோயுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ தராதீர். அவை குருதிப்போக்கைத் தூண்டக்கூடும். அஞ்சத்தக்கது அறுவை அன்று, காலத்தாழ்வே.