பாகவதரின் பிற்காலப் பாடல்கள்



ஒரு பாடகனை உயிரினும் மேலாக நேசிக்கும் இருவர் ஓரிடத்தில் கூடினால், அவனுடைய புகழை மட்டும் பேசிக் கலைந்துவிடுவார்கள் என்று எண்ணுவது தவறு. சிறிது நேரத்தில் வழக்கு ஒன்று தொடங்கிவிடும். முன்னே பாடியது உயர்ந்ததா, பின்னே பாடியது உயர்ந்ததா என்பதே அந்த வழக்கு. எம்முடைய மலைநாட்டிலே, அட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் இடைப்பட்ட தோட்டம் ஒன்றில், இத்தகைய வழக்கு ஒன்று இரண்டு சகோதரர்களுக்கிடையே பல்லாண்டுகள் நடந்தது. வழக்குக்கு உரியவர் எம். கே. தியாகராஜ பாகவதர். வழக்காடியவர்கள் என் பாட்டனாரும் அவருடைய தம்பியும்.

பாகவதரின் வரலாற்றை இன்றைய இளைஞர் பலர் அறியார். ஆகையால் வேண்டிய அளவுக்குச் சொல்லிவிடுகிறேன். 1910ஆம் ஆண்டு மாயவரத்திலே பிறந்து, திருச்சிராப்பள்ளியிலே வளர்ந்தவர். பத்து வயதளவிலே எப். ஜி. நடேசய்யரின் அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறினார். 1934இல் ‘பவளக்கொடி’ திரைப்படம் வெளிவந்தது. அதன் பின் ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ என்று வெற்றி மேல் வெற்றி. 1944இல் தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கிலே மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பதைப் பலரும் பெருமையோடு சொல்வர். அந்த மூன்று தீபாவளிகளுள் முதலாவது ஒன்றைத்தான் பாகவதர் வெளியே இருந்து கொண்டாடினார் என்பதைச் சொல்வோர் குறைவு. 1944 டிசம்பரில் அவர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலே கைதானார். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று திரும்பி, 1947 ஏப்ரலில் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அவருடைய குரல் அரங்கிலே நாள்தோறும் முழங்கிக்கொண்டிருக்க, அக்குரலுக்கு உரியவர் சிறைக்குள்ளே இருந்தார்.

வெளியே வந்த பின் எல்லாம் மாறியிருந்தன. தம் சொந்த முயற்சியாக ‘ராஜமுக்தி’யை எடுத்தார். படம் புனாவிலே தயாராயிற்று. புதுமைப்பித்தன் உரையாடல் எழுதச் சென்று, அங்கே காசநோய் முற்றி, 1948 ஜூனில் திருவனந்தபுரத்தில் மறைந்தார். படத்தை அவர் காணவில்லை. இசையமைத்தவர் சி. ஆர். சுப்பராமன். எம். எல். வசந்தகுமாரியின் குரல் திரையிலே முதன்முதலாகக் கேட்டது இப்படத்தில்தான். இத்தனை பேர் கூடியும் படம் தோற்றது. 1952இல் ‘அமரகவி’யும் ‘சியாமளா’வும் வந்தன. 1957இல் தாமே இயக்கிய ‘புதுவாழ்வு’ வந்தது. 1959 நவம்பர் முதல் நாள் அவர் காலமானார். ‘சிவகாமி’ மறு ஆண்டிலே திரைக்கு வந்தது. ஆக, சிறைக்கு முன் ஒரு பாகவதர், சிறைக்குப் பின் ஒரு பாகவதர் என்று ரசிகர்கள் பிரித்துக்கொண்டார்கள்.

என் பாட்டனார் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அவரிடம் சாவி கொடுத்து இயக்கும் கிராமபோன் ஒன்று இருந்தது. மாலையில் பெயர் போட்டு முடிந்ததும் இஸ்தோப்பிலே அதைத் தூக்கி வைப்பார். லயத்துக் காம்பராக்களிலிருந்து ஆண்களும் பெண்களும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்து உட்காருவார்களாம். அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடமும் சிறிது கூடுதலுமே ஓடும். பிறகு திருப்பவேண்டும், சாவி கொடுக்கவேண்டும், ஊசி மாற்றவேண்டும். அந்த இடைவேளைகளில்தான் வாதம் நடக்கும்.

பாட்டனாரின் தம்பியை நாங்கள் சின்னத்தாத்தா என்போம். அவர் மாசி மாதத்துக் காமன் கூத்திலே ரதியாக வேடமிட்டுப் பெயர் பெற்றவர். திறந்த வெளியில், பனியில், ஒலிபெருக்கி எதுவுமின்றித் தப்பு முழக்கத்துக்கு மேலே பாடி, அடுத்த மலைச்சரிவிலே நிற்பவனுக்கும் கேட்கச் செய்யவேண்டிய கலை அது. குரல் என்றால் அவருக்கு உச்சம்தான். பழைய நாடக மேடையிலே வளர்ந்த பாகவதரும் அப்படி உச்ச சுருதியில் நின்று பாடியவரே. ‘ஹரிதாஸ்’ படத்துச் சாருகேசிப் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறுகிற இடத்திலே எவ்வித முயற்சியும் தெரியாமல் அக்குரல் ஏறி நிற்கும். சின்னத்தாத்தாவின் கட்சி இதுதான்: “அண்ணே, சிறையிலே பாகவதரை வைத்துக்கொண்டு வேறொருவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். இந்தத் தட்டுகளில் பாடுவது அவர் அல்ல.”

பாட்டனார் இதற்கு நேரான விடை சொல்லமாட்டார். “சாவியைச் சரியாகக் கொடுத்துவிட்டுப் பேசு” என்பாராம்.

இது வெறும் கேலியன்று. அந்தத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலவேண்டியது. சுருள்வில் தளர்ந்து நான்கைந்து சுற்றுக் குறைந்தால், பாடகரின் சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் இறங்கிவிடும்; குரலும் கனத்து ஒலிக்கும். அட்டன் பக்கத்து மழையையும் ஈரத்தையும் பல்லாண்டு தாங்கிய இயந்திரம் அது. ‘அமரகவி’ தட்டுகள் வந்து சேர்ந்த காலத்தில் அதன் வில் எந்த நிலையில் இருந்ததோ! பாகவதரின் குரல் இறங்கியதென்று தீர்ப்புச் சொன்ன வீடுகளுள் எத்தனை வீடுகளில் இயந்திரம் இறங்கியிருந்தது என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

ஆனாலும் முழுப் பழியையும் இயந்திரத்தின் மேல் போடுவது நேர்மையாகாது. நல்ல பதிவுகளைக் கேட்டாலும் வேறுபாடு தெரிகிறது. ‘ராஜமுக்தி’யில் மேல் ஸ்தாயியிலே முன்பிருந்த கவலையின்மை இல்லை, ஓரிரு இடங்களில் மூச்சைக் கணக்குப் பார்த்துச் செலவிடுவது போலத் தோன்றுகிறது. அதே சமயம், நடு ஸ்தாயியிலே முன்னில்லாத ஓர் அடர்த்தி வந்திருக்கிறது. சொல்லை விரைந்து கடந்து சங்கதிக்கு ஓடாமல், சொல்லின் மேல் நின்று பாடுகிறார்.

இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்து ‘சோல்’ என்று வழங்கும் இசையிலும் இதே வாதம் ஓயாமல் நடக்கிறது. அங்கே பிரிவினைக் கோடு இசைத்தட்டுக் கம்பெனி. ரே சார்ல்ஸ் என்ற பார்வையற்ற பெரும்பாடகர் அட்லாண்டிக் கம்பெனியை விட்டு, 1959இன் இறுதியில் ஏபிசி பாரமவுண்ட் கம்பெனிக்குச் சென்றார். அங்கே வயலின் கூட்டமும் குழுப்பாடகர்களும் பின்னணியிலே சேர்ந்தன. 1962இல் வெள்ளையரின் நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகளைத் தம் பாணியிலே பாடி வெளியிட்டார். பழைய ரசிகர் சிலர் பாடகரை விற்றுவிட்டார்கள் என்று வருந்தினர். தட்டோ பெருவாரியாக விற்றது. தம் பதிவுகளின் உரிமையைத் தாமே வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் புதிய கம்பெனியிலேதான் அவருக்குக் கிடைத்தது என்பதை வருந்தியவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. அரீதா பிராங்ளின் கதை இதற்கு மறுதலை. கொலம்பியா கம்பெனியிலே சுமார் ஆறு ஆண்டுகள் பாடியும் அவருடைய முழு ஆற்றல் வெளிப்படவில்லை என்றே பலர் கருதுகின்றனர். 1966இன் இறுதியில் அட்லாண்டிக்குக்கு வந்தார். அங்கே அவரையே பியானோவில் உட்காரவைத்துப் பாடச் செய்தனர்; 1967இல் உலகம் அவரை அறிந்தது. 1980இல் அரிஸ்டா கம்பெனிக்குச் சென்ற பின் வந்த தொகுதிகளைப் பற்றி அவருடைய ரசிகர்கள் இன்றும் இரு கட்சிகளாகத்தான் நிற்கிறார்கள்.

ஒரே பாடகர், ஒரே தொண்டை. ஆயினும் அருகிலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பாட்டு மாறுகிறது. பாகவதருக்கு அருகே முன்னாளில் பாபநாசம் சிவனும் ஜி. ராமநாதனும் இருந்தனர். ஒருவர் சொல்லையும் மெட்டையும் அவருடைய குரலுக்கென்றே அளந்து தைத்தார். மற்றவர் அதற்கு வாத்தியங்களால் மெருகூட்டினார். ‘ராஜமுக்தி’யில் இசைப் பொறுப்பு சுப்பராமனிடம் சென்றது. சுப்பராமன் பெரும் திறமைசாலி. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் வருங்காலத்துச் செவிகளுக்காக இசையமைத்தவர். ‘அமரகவி’யில் மீண்டும் ராமநாதன் வந்தார். என்னைக் கேட்டால், பிற்காலப் பாகவதரை அறிய விரும்புகிறவர் அங்கேயே தொடங்கவேண்டும் என்பேன்.

படங்கள் தோற்றதற்குப் பாட்டைக் காரணம் காட்டுவோரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. 1949இல் ‘வேலைக்காரி’, 1950இல் ‘மந்திரி குமாரி’, 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’. மக்கள் வசனத்தைக் கேட்க அரங்குக்குப் போன காலம் அது. தோட்டத்து இளைஞர் நீதிமன்ற வசனத்தை மனப்பாடம் செய்து கொழுந்து மலையிலே முழங்கினார்கள். அதே ஆண்டில், பாட்டுக்காகவே கதை நகர்கிற ‘அமரகவி’ எப்படி நின்றிருக்கும்? அதே வழக்கில் சிறை சென்று மீண்ட கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று எழுந்து நின்றாரே என்பார்கள். அவர் கருவி பேச்சு. காலம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. பாகவதரின் கருவி பாட்டு. அவ்வளவுதான்.

இனி என் சொந்தச் சங்கதி ஒன்றைச் சொல்லவேண்டும். இல்லையேல் என் தீர்ப்பின் மூலம் உங்களுக்கு விளங்காது.

1964 அக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று மனிதரைப் பங்கிட்டார்கள். எங்கள் குடும்பமும் பங்காயிற்று. 1973இல் சின்னத்தாத்தா குடும்பத்தோடு புறப்பட்டார். அப்போது எனக்கு நான்கு வயது. புறப்படுவதற்கு முந்திய இரவு சகோதரர்கள் இருவரும் 21 இசைத்தட்டுகளை நடுவே வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். சண்டையே வரவில்லை. முற்காலத் தட்டுகள் 12ஐயும் சின்னத்தாத்தா எடுத்துத் தம் வேட்டிகளுக்கிடையே சுற்றிக்கொண்டார். பிற்காலத் தட்டுகள் ஒன்பதையும் பாட்டனார் வைத்துக்கொண்டார். கிராமபோன் இங்கேயே தங்கியது. அக்கரை சென்றதும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சின்னத்தாத்தா சொன்னாராம். அட்டனில் புகையிரதம் ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் போய்ச் சேர்ந்தார்கள். மண்டபம் முகாமிலிருந்து வந்த முதற் கடிதத்தில், பெட்டியைத் திறந்தபோது தட்டுகளில் ஐந்து உடைந்திருந்தன என்று எழுதியிருந்தார்.

ஆகவே நான் சிறுவயதில் கேட்ட பாகவதர் பிற்காலப் பாகவதர் மட்டுமே. என் பன்னிரண்டாம் வயதில் ஒருநாள் அட்டன் கடைத்தெருவிலே ஒரு தேநீர்க்கடை வானொலியில் ‘ஹரிதாஸ்’ பாட்டு ஒன்று ஒலித்தது. நான் நின்று கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தோன்றியது இது: பாகவதரைப் போலவே பாட முயலும் இளைஞர் யாரோ ஒருவர், குரல் இனிமை, வயது போதவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது பாட்டனார் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. “உன் சின்னத்தாத்தாவுக்கு இதை எழுதிவிடாதே” என்றார்.

எது முதலில் காதில் விழுந்ததோ அதுவே அளவுகோலாகிவிடுகிறது. இதை அறிந்த பின் இவ்விஷயத்தில் என் தீர்ப்பை நானே முழுமையாக நம்புவதில்லை. சின்னத்தாத்தாவின் தீர்ப்பிலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. ‘அமரகவி’ வந்த காலத்திலேதான் அவர் ரதி வேடத்தை இளையவர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார் என்று பாட்டி ஒருமுறை சொன்னார். காரணத்தை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

1994இல் நான் நீலகிரிக்குச் சென்றேன். பாட்டனார் அப்போது இல்லை. கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலே, எங்கள் லயத்தைப் போன்றே ஒரு வரிசை வீட்டிலே சின்னத்தாத்தா இருந்தார். எண்பதை நெருங்கிய வயது. பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார். ஏழு தட்டுகளும் இருந்தன. காகித உறை கூடப் பழுதாகவில்லை. இருபத்தோராண்டுகளில் அவற்றை ஒருமுறையும் கேட்டதில்லை என்றார். கிராமபோன் வாங்க இயலவில்லை.

நான் ‘அமரகவி’ பாட்டுகளை ஒலிநாடாவிலே பதிந்து கொண்டு போயிருந்தேன். போடலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். தலையசைத்தார். பாட்டு முடியும் வரை பேசவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு, “அண்ணன் வைத்துக்கொண்டது இதைத்தானா?” என்று கேட்டார். ஆம் என்றேன்.

“குரல் இறங்கித்தான் இருக்கிறது. அன்று நான் சொன்னது சரிதான்” என்றார். சிறிது நேரம் கழித்து, “மறுபக்கத்தையும் போடு, தம்பி” என்றார்.